ஒன்றுக்கு அடுத்தது பத்து

ஒன்றுக்கு அடுத்து பத்து வரும் என்று யாராவது சொன்னால் நீங்கள் நம்புவீர்களா? நானும் நம்பியிருக்க மாட்டேன். பங்குனி உத்திரத்தன்று உச்சி வெயிலில், வன்னியம்பட்டியைத் தாண்டி ஒரு கோவில் திடலில், அத்தனை ஜனத்துக்கு நடுவில் அது வந்தது. வந்த வேகத்தில் என் கையிலிருந்த தூக்குவாளி நழுவி, பொங்கல் எல்லாம் மண்ணில் கொட்டிவிட்டது. 

அதற்குக் காரணமான மனிதர் என் வீட்டுக்காரர். பெயர் சுந்தரபாண்டியன். இராஜபாளையத்தில் மைக்செட் வைத்திருக்கிறார். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கோவில் பொங்கல் எதுவானாலும் ஆம்ப்ளிஃபயரையும் இரண்டு பெரிய பாக்ஸையும் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்ப் பாட்டுப் போட்டுவிட்டு வருவார். நான் அங்காளம்மாள். பேண்டேஜ் கம்பெனியில் காஸ் துணி மடிக்கிற வேலை.

அவருக்கு ஒரு வியாதி உண்டு. எந்த டாக்டரும் இன்னும் பெயர் வைக்காத வியாதி. எல்லாம் வரிசையாக இருக்க வேண்டும். கல்யாணமாகி வந்த முதல் வாரமே என் அடுப்படியில் புகுந்து, டப்பாக்களை உயரவாரியாக அடுக்கி வைத்தார். உப்பு எங்கே, புளி எங்கே என்று தெரியாமல் நான் அன்றைக்கு ரசத்தில் சீனியைப் போட்டேன். வாசலில் விருந்தாளி கழற்றிப் போட்ட செருப்பைக்கூட ஜோடி சேர்த்து வைத்தால்தான் உள்ளே வந்து பேசுவார். ஸ்பின்னிங் மில்லில் நூல் கோன் அடுக்கிய காலத்தில் ஒட்டிக்கொண்ட பழக்கம் என்று என் மாமியார் சொல்வார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பிறக்கும்போதே தலை முதலில், கால் அப்புறம் என்று சரிபார்த்துக்கொண்டுதான் இந்த மனிதர் வெளியே வந்திருப்பார்.

மில்லை விட்டு மைக்செட் எடுத்த புதிதில் அவருக்கு ஒரு அவமானம் நேர்ந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு காதுகுத்து. தாய்மாமன் மடியில் குழந்தை உட்கார்ந்திருக்கிறது, ஆசாரி ஊசியைக் கையில் எடுக்கிறார், அந்த நேரம் பார்த்துப் பென்டிரைவ் செருகிய ஆம்ப்ளிஃபயர் பெட்டி ஒரு சாவுப் பாட்டுக்குத் தாவிவிட்டது. தாய்மாமன் குழந்தையை இறக்கிவிட்டு நேராக இவர் சட்டையைப் பிடித்துவிட்டார். வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை. "நான் போட்ட வரிசை வேற, அது பாடுன வரிசை வேற" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றிலிருந்து பென்டிரைவை நோண்ட ஆரம்பித்தார். கொஞ்ச நாளில் பெட்டிகளின் குணம் அவருக்குப் பிடிபட்டது. எந்தப் பாட்டை முதலில் காப்பி செய்தோமோ அதை முதலில் பாடுகிற பெட்டி ஒரு ரகம். பாட்டின் பெயரைப் பார்த்து அதுவே வரிசை கட்டிக்கொள்கிற பெட்டி இன்னொரு ரகம். எது எந்த ரகம் என்று பெட்டியின் மேல் எழுதியிருக்காது. அதனால் இரண்டுக்கும் சேர்த்து ஏற்பாடு செய்தார். ஒவ்வொரு பாட்டின் பெயருக்கு முன்னாலும் நம்பர் போடுவார். பிறகு அதே நம்பர்படி ஒவ்வொன்றாக, ஒன்று முழுசாக ஏறி முடித்த பிறகே அடுத்தது என்று பென்டிரைவில் ஏற்றுவார்.

"மொத்தமா இழுத்துப் போட்டா என்னங்க? உலை கொதிக்கிற நேரம் ஆவுது ஒரு பாட்டு ஏத்த" என்று நான் கத்துவேன்.

"மொத்தமா போட்டா அது இஷ்டத்துக்கு ஏத்திக்கிடும்டி. நீ துணிய மொத்தமா அமுக்கி வச்சுட்டு மடிப்புன்னு சொல்லுவியா?" என்பார்.

மாலை மாற்ற ஒரு ஃபோல்டர், தாலி கட்ட ஒன்று, பந்திக்கு ஒன்று என்று சடங்குக்குச் சடங்கு தனித்தனி. பென்டிரைவில் பாட்டைத் தவிர வேறொன்றும் இருக்கக் கூடாது, எங்கள் கல்யாணப் போட்டோகூட. எந்த ஃபோல்டரிலும் ஒன்பது பாட்டுக்கு மேல் வைக்க மாட்டார். பத்தாவது பாட்டைக் கேட்க எவனும் பந்தியில் உட்கார்ந்திருக்க மாட்டான் என்பது அவர் கணக்கு. இது போக அவருக்கு ஒரு வழக்கம் இருந்தது. கல்யாண வேலை ஒப்புக்கொண்டால், பெண்ணுக்குப் போன் போட்டு முதல் பாட்டு எது வேண்டும் என்று அவரே கேட்பார். மாப்பிள்ளையைக் கேட்க மாட்டார். மாப்பிள்ளைக்கு அன்றைக்குக் காது கேட்காது என்பார்.

இதனாலெல்லாம் அவருக்கு நல்ல பெயர் வந்தது. பாண்டியன் செட்டு என்றால் வரிசை தப்பாது என்று ஊரில் சொல்வார்கள். அதைக் கேட்டுவிட்டு வந்து, நான் இட்லித் தட்டை மாற்றி அடுக்கியதற்கு அன்றைக்கு அரைமணி நேரம் பாடம் நடத்துவார்.

இனி மாடத்தி. என் கம்பெனியில் பக்கத்து மேசையில் வேலை பார்க்கிறவள். வன்னியம்பட்டிப் பக்கமிருந்து டவுன் பஸ்ஸில் வருவாள். புருஷன் செத்து வெகு நாளாகிறது. மாமனார் சீனிச்சாமி வீட்டில்தான் இருக்கிறாள். ஒரே மகள் பாண்டிசெல்வி, ஸ்ரீவில்லிபுத்தூரில் காலேஜ் கடைசி வருஷம். சீனிச்சாமி அவர்கள் வகையறாவுக்கே பெரியவர். கோவிலில் கருப்பசாமி அவர் மேல்தான் வரும். அவர் மனைவி இருந்தவரை பேச்சியம்மன் அந்த அம்மா மேல் வந்துகொண்டிருந்தது. அந்த அம்மா போன பிறகு பேச்சிக்கு ஆள் இல்லை.

பங்குனிக்கு முந்தின மாதத்திலிருந்தே மாடத்தி சரியாக இல்லை. மடித்த துணியையே திரும்பப் பிரித்து மடித்தாள். ஒரு நாள் சாப்பாட்டு நேரத்தில் கேட்டேன். சீனிச்சாமி தன் மகள் வயிற்றுப் பேரனுக்குப் பாண்டிசெல்வியைக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டாராம். அவனுக்கு ஏற்கெனவே ஒருத்தி வாக்கப்பட்டு, அடி தாங்காமல் தாய் வீட்டுக்குப் போனவள் திரும்பவில்லை. சீட்டெழுதி அந்தக் கல்யாணத்தைத் தீர்த்தாயிற்று. இப்போது இவள் மகள்.

"பிள்ள ராவும் பகலும் அழுவுதுக்கா."

"நீ சொல்ல வேண்டியதுதானட்டி ஓம் மாமனார்ட்ட?"

"அவிய முன்னாடி நான் இன்னைக்கு வரைக்கும் ஒக்காந்தது கெடையாது. எங்குட்டுப் போய்ப் பேச?" என்றாள்.

இந்தக் காலத்தில் இப்படி ஒருத்தி இருப்பாளா என்று அவள் மேலேயே கோபம் வந்தது. ஆனால் அவள் சாப்பிடுவதும் உடுத்துவதும் அந்த வீட்டில். பேசினால் தாயும் மகளும் தெருவில்தான்.

நிச்சயம் எப்படி நடக்கும் என்பதையும் அவளே சொன்னாள். அவர்கள் கோவிலில் இருபத்தொரு தெய்வம். பங்குனி உத்திரத்தன்று ஒவ்வொரு தெய்வத்துக்கும் உரிய மேளக்கொட்டை வரிசையாக அடிப்பார்கள். கொட்டு மாறினால் ஆள் மாறும். முதலில் அய்யனார் கொட்டு. அது உத்தரவு கேட்கிற கொட்டு, அதற்கு யாரும் ஆட மாட்டார்கள். இரண்டாவது கருப்பசாமி. அது சீனிச்சாமி மேல் இறங்கியதும், அந்த நிலையிலேயே அவர் பேத்தி தலையில் நிச்சயப் பூவை வைத்துவிடுவார். கருப்பசாமி கையால் வைத்த பூவை எடுக்க அந்த வகையறாவில் யாருக்கும் துணிச்சல் கிடையாது. அதோடு முடிந்தது பாண்டிசெல்வி கதை.

பங்குனி உத்திரத்தன்று எல்லா ஊரிலும் குலசாமி கும்பிடுவதால் மேளக்காரர்களுக்கு ஏகப்பட்ட கிராக்கி. அதற்குப் பயந்தே போன வருஷம் மேளக்காரர்கள் அடித்த இருபத்தொரு கொட்டையும் சீனிச்சாமி என் வீட்டுக்காரரை வைத்துப் பதிவு செய்து வைத்திருந்தார். பயந்தது போலவே இந்த வருஷம் வாத்தியக்கோஷ்டியின் வேன் வழியில் நின்றுவிட்டது, வேறு கோஷ்டியும் கிடைக்கவில்லை. காலையில் போன் வந்தது. இவர் பென்டிரைவோடு கிளம்பினார். மாடத்தி தனியாகத் தவிப்பாளே என்று நானும் ஆட்டோவில் தொற்றிக்கொண்டேன்.

திடலில் நல்ல வெயில். அய்யனார் கொட்டு நிதானமாக ஓடி முடிந்தது. சீனிச்சாமி கச்சை கட்டி, காலில் சலங்கையோடு தயாராக நின்றார். பக்கத்தில் பூத்தட்டு. அந்தப் பக்கம் மாப்பிள்ளைக்காரன், புது வேட்டி மடிப்புக்கூடக் கலையாமல். பாண்டிசெல்வி குனிந்த தலை நிமிரவில்லை. அழக்கூடத் தெம்பில்லாமல் நின்றாள்.

கருப்பசாமி கொட்டு எடுத்த எடுப்பிலேயே தடதடவென்று கிளம்பும். ஆனால் பாக்ஸிலிருந்து வந்தது அது இல்லை. மெதுவாக, உறுமி இழுத்து இழுத்து முனகுகிற மாதிரி ஒரு கொட்டு. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் திடலில் இருந்த அத்தனை பேருக்கும் விளங்கிவிட்டது. பேச்சு சட்டென்று நின்றது. ஒரு பெரியவர், "பேச்சி கொட்டுல்ல இது" என்றார். பத்தாவதாக வர வேண்டிய கொட்டு.

என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். பெட்டியில் நம்பர் காட்டுகிற சின்னக் கண்ணாடியையே வெறித்துக்கொண்டு நின்றார். கை சுவிட்சைத் தேடிப் போனது. அது போய்ச் சேர்வதற்குள் என் காதோரம் ஒரு அலறல்.

மாடத்தி.

என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றவள் என்னைத் தள்ளிவிட்டுப் பாய்ந்தாள். அப்போதுதான் தூக்குவாளி விழுந்தது. கொண்டை அவிழ்ந்து முடி முகத்தில் விழ, நேரே போய் மகளுக்கு முன்னால் நின்று பூத்தட்டைத் தட்டிவிட்டாள். எந்த மாமனார் முன்னால் உட்கார்ந்ததில்லை என்றாளோ அவர் நெஞ்சுக்கு நேரே விரலை நீட்டினாள்.

"ஏலே சீனிச்சாமி!"

கூட்டத்தில் ஒரு கிழவி வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எம் பிள்ளைய யாரைக் கேட்டுலே குடுத்த? அவ படிச்சு முடிக்காம, அவ வாயால சரின்னு சொல்லாம, இந்தத் தலையில பூவு ஏறப்படாது. ஏறுச்சுன்னா இந்த எல்லையில நான் இருக்க மாட்டேன்!"

சாமி வந்த பிறகு கொட்டை நிறுத்தக் கூடாது. என் வீட்டுக்காரர் கையை எடுத்துவிட்டார். கொட்டு ஓடியது, அவள் ஆடினாள். கடைசியில் சீனிச்சாமி இரண்டு கையையும் குவித்து, "உத்தரவு தாயி" என்றார். அதைக் கேட்டதும் மாடத்தி வேரறுந்த வாழை மாதிரி சரிந்து விழுந்தாள். இவர் பெட்டியை அணைத்தார். அன்றைக்கு மீதிக் கொட்டு எதுவும் நடக்கவில்லை.

அதோடு முடிந்திருந்தால் நான் நிம்மதியாக வீட்டுக்குப் போயிருப்பேன். சாமான்களை ஏற்றும்போது சீனிச்சாமி வந்தார். கண் சிவந்திருந்தது.

"பாண்டியா, கொட்டுக்காரன் மாத்தி அடிச்சா அவன்ட்ட கேக்கலாம். இது பெட்டி. பெட்டி பண்ண கோளாறா, இல்ல பேச்சி வந்து தன் கொட்ட தானே முன்னுக்கு எடுத்தாளா? எனக்கு அது தெரியணும்."

"பார்த்துத்தான் சொல்லணும்யா" என்றார் இவர்.

"ஓம் வீட்டுக்காரியும் எம் மருமகளும் ஒரே கம்பெனின்னு ஊர்ல பேசுதாவ. நான் அப்படி நெனைக்கல. ஆனா எம் மகளுக்குச் சொன்ன வாக்க நான் சும்மா மாத்த முடியாது. வார செவ்வாக்கெழம இதே பெட்டி, இதே எடம், திரும்பப் போடு. மறுபடியும் ரெண்டாவதா பேச்சி கொட்டு வந்தா பெட்டிக் கோளாறு. அழைக்காத சாமி வந்து சொன்ன வாக்கு செல்லாது, அங்கனயே பூ வச்சுருவேன். கருப்பன் கொட்டு வந்தா, அன்னைக்கு மாத்துனது ஆத்தாதான்னு நான் ஒத்துக்கிடுதேன்."

சொல்லிவிட்டு ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக் கோவில் அறைக்குள் வைத்துப் பூட்டி, பூட்டில் மஞ்சள் கயிறும் கட்டினார். பென்டிரைவைப் பிடுங்கி, "இந்தக் குச்சிய நீயே வச்சுக்க" என்று இவர் கையில் கொடுத்தார். கோளாறு பெட்டியில்தான் இருக்கும் என்பது அவர் எண்ணம். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பயந்தான் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் இவர் லேப்டாப்பைத் திறந்து காட்டினார். ஒன்று, இரண்டு, மூன்று என்று இருபத்தொன்று வரை ஒழுங்காகத்தான் இருந்தது.

"சரியாத்தானங்க இருக்கு?"

"இதுல சரியாத்தான் தெரியும். இதுக்கு எண்ணத் தெரியும். அந்தப் பெட்டிக்கு எண்ணத் தெரியாதுட்டி. அது எழுத்துக் கூட்டித்தான் படிக்கும். அகராதியில 'க' எல்லாம் முடிஞ்ச பொறவுதான 'ச' வரும்? அது மாதிரி, ஒண்ணாம் நம்பர மொத எழுத்தா வச்சு ஆரம்பிக்கிற பேரு அம்புட்டையும் முடிச்சுட்டுத்தான் ரெண்டுக்கு வரும். ஒண்ணு, பத்து, பதினொண்ணு, பன்னெண்டு... பத்தொம்பது முடிஞ்ச பொறவு ரெண்டு."

ஒன்பதுக்கு மேல் அவர் எதையும் அடுக்கியதே இல்லை. அதனால் இந்தக் கோளாறு இத்தனை வருஷம் அவர் கண்ணில் பட்டதே இல்லை. வரிசை வரிசை என்று என் உயிரை எடுத்த மனிதர், தன் வரிசைக்குள்ளேயே இப்படி ஒரு குழி இருப்பது தெரியாமல் நடந்துகொண்டிருந்திருக்கிறார். நான் அதைச் சொல்லிக் காட்டவில்லை. சொல்லிக் காட்டுகிற முகமா அது.

"சரி, இதுக்கு என்ன பண்ணணும்?"

"ஒண்ணுலேர்ந்து ஒம்பது வரைக்கும் முன்னால ஒரு சைபர் போட்டா போதும். எல்லாப் பேரும் ரெண்டு எழுத்தாயிரும். எந்தப் பெட்டியும் ஒழுங்கா வாசிக்கும்."

"அம்புட்டுத்தானா? போடுங்க இப்பவே!"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் ஒரு அடி பின்னால் போனேன்.

"என்ன பேச்சுப் பேசுத? அவரு கேட்டது பெட்டிக் கோளாறான்னு. கோளாறுதான். அத மறைச்சு, கருப்பசாமி முன்னாடி கொண்டுபோய்ச் சரியா வாசிக்க வைக்கச் சொல்லுதியா? பேச்சி நெசமாவே மாடத்தி மேல வந்திருக்கா, நீயுந்தான் பார்த்த. என் தப்ப நான் அவ மேல ஏத்தணுமா?"

"அந்தப் பிள்ள அடிவாங்கிச் சாகட்டுமா பொறவு?"

"எனக்குத் தெரியாது" என்று எழுந்து போய்விட்டார்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் பேச்சு இல்லை. நான் வேண்டுமென்றே டப்பாக்களைக் கலைத்து வைத்தேன். அவர் கவனிக்கவேயில்லை. அதுதான் எனக்கு இன்னும் திகிலாக இருந்தது. மாடத்தி வேலைக்கு வரவில்லை. அவள் வீட்டு வாசலில் திருநீறு வாங்க ஆட்கள் வருகிறார்கள் என்று பஸ்ஸில் வருகிற பெண்கள் சொன்னார்கள்.

திங்கட்கிழமை சீனிச்சாமி போன் செய்தார். பெட்டிக் கோளாறு என்று தெரிந்தால் அங்கேயே நிச்சயம் வைத்துவிடப் போவதால், நிச்சயத்துக்கு நாலு பாட்டும் கொண்டுவரச் சொன்னார். இவர் சரி என்றார். எனக்கு வந்த கோபத்தில் தண்ணீர்க் குடத்தை ஓங்கி வைத்தேன்.

பழக்கதோஷம்தான். வேலை என்று வந்ததும் கை தானாகப் பெண்ணுக்குப் போன் போட்டுவிட்டது. ஸ்பீக்கரில் போட்டிருந்ததால் நானும் கேட்டேன்.

"பாண்டிசெல்வி, மைக்செட் மாமா பேசுதேன். நாளைக்கு... ஒருவேள நிச்சயம்னா... மொதப் பாட்டு எது வேணும்மா?"

அவள் உடனே சொன்னாள்.

"மாமா, எனக்குப் பிடிச்ச பாட்டு எதையும் நாளைக்குப் போட்டுராதீங்க. பொறவு ஆயுசுக்கும் அந்தப் பாட்ட என்னால கேக்க முடியாது."

அவ்வளவுதான். அவள் அழவில்லை, கெஞ்சவில்லை. உண்டா இல்லையா என்று கேட்கிற சாதாரணக் குரலில் சொன்னாள். இவர் போனை வைத்துவிட்டு லேப்டாப்பை மூடினார். எத்தனையோ பெண்களிடம் கேட்ட கேள்வி. இப்படி ஒரு பதில் அவருக்கு வந்ததில்லை.

செவ்வாய் காலையில் நான் காபி கொண்டுபோனபோது லேப்டாப் திறந்திருந்தது. இவர் பென்டிரைவைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு, முன்னால் சைபர் போட்ட கொட்டுகளை முதலிலிருந்து ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டிருந்தார். ஒரு பெயரை இரண்டு தரம் அடித்து அழித்தார். பெட்டி கோவிலில் பூட்டிக் கிடந்ததால் சரியாக வாசிக்குமா என்று போட்டுப் பார்க்கவும் வழியில்லை. நான் டம்ளரை வைத்துவிட்டு வந்தேன். அடுப்படிக்கு வந்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

கோவிலில் போன தடவையைவிடக் கூட்டம் இரண்டு மடங்கு. சீனிச்சாமி மஞ்சள் கயிற்றை அவிழ்த்து, பெட்டியை அவரே தூக்கிக்கொண்டு வந்து வைத்தார். பூத்தட்டு தயாராக இருந்தது. மாடத்தி ஒரு தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரு வாரத்தில் பாதியாகிவிட்டிருந்தாள்.

அய்யனார் கொட்டு வந்தது. அது முடிந்தது. ஒரு கொட்டுக்கும் அடுத்ததற்கும் நடுவில் பெட்டி கொஞ்சம் மௌனமாக இருக்கும். அந்த மௌனத்தில் நான் செத்துப் பிழைத்தேன். சைபர் போட்டும் பழைய கொட்டே வந்துவிட்டால்? இவர் ஏதாவது ஒன்றை விட்டிருந்தால்?

தடதடவென்று கிளம்பியது கருப்பசாமி கொட்டு.

குலவைச் சத்தம் காதைப் பிளந்தது. நான் சீனிச்சாமியைப் பார்த்தேன். கருப்பன் அவர் மேல் வரவில்லை. கொட்டு பாட்டுக்கு அதிர்ந்துகொண்டிருக்க, அந்தக் கிழவர் விறுவிறுவென்று நடந்து போய், தூணருகே நின்ற மருமகள் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார்.

"தப்பா நெனைச்சுட்டேன் ஆத்தா. என்னைய மன்னிச்சுரு."

மாடத்தி பேய் அறைந்தவள் மாதிரி நின்றாள். மாப்பிள்ளைக்காரன் யாரிடமும் சொல்லாமல் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான். பாண்டிசெல்வி பூத்தட்டைப் பார்த்தபடியே நின்றாள். எல்லோரும் ஓடி ஓடி மாடத்தி காலில் விழுந்தார்கள். திரும்பி வரும்போது ஆட்டோவை ஓரமாக நிறுத்தச் சொல்லி இவர் வாந்தி எடுத்தார். இரண்டு நாள் காய்ச்சல். "கருப்பன் சும்மா விட மாட்டான்" என்று பிதற்றினார். நான் ஈரத்துணி போட்டுக்கொண்டே, விட மாட்டான் என்றால் என்னிடம் வரச் சொல்லுங்கள், நான் பேசிக்கொள்கிறேன் என்றேன்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாடத்தி எங்கள் வீட்டுக்கு வந்தாள். நெற்றி நிறையத் திருநீறு. உட்காரச் சொன்னதும் நாற்காலியை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தாள். இவரைப் பார்த்துத்தான் பேசினாள்.

"அண்ணே, இத ஒங்ககிட்டத்தான் சொல்ல முடியும். ஒங்க பெட்டிய ஆத்தா வந்து மாத்துனா. அது செவ்வாக்கெழம எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. ஆனா..." கதவைப் பார்த்துக்கொண்டாள். "ஆனா எம் மேல அவ வரல. கொட்டு மாறுனதும், கருப்பனுக்கு முந்தி இது ஒரு நிமிசம் கெடைச்சிருக்குன்னு தோணுச்சு. பாய்ஞ்சு போயி எங்க அத்த மாதிரி கத்திட்டேன். அம்புட்டும் நான்தான் பேசுனேன். ஆத்தா கொட்ட மாத்திக் குடுத்திருக்கா, நான் அவ வேசத்தக் கட்டிட்டேன். அவ என்னைய என்ன செய்வாளோன்னு ஒறக்கமே இல்லண்ணே."

என் வீட்டுக்காரர் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"பெட்டிய யாரும் மாத்தல தாயி" என்றார். "அது என் தப்பு. நம்பருக்கு முன்னால சைபர் போடாம விட்டுட்டேன். செவ்வாக்கெழம காலையில நான்தான் போட்டேன். ஒங்க மேல நெசமாவே பேச்சி வந்திருக்கான்னு நெனச்சு, அவளுக்குப் பயந்து பயந்து போட்டேன்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவளிடம் இருந்ததாக இவர் நம்பிய தெய்வம் அங்கே இல்லை. இவரிடம் வந்ததாக அவள் நம்பிய தெய்வம் இங்கேயும் இல்லை. அத்தனை ஜனமும் விழுந்து கும்பிட்டது ஒரு தாயையும் ஒன்பது சைபரையும்.

மாடத்தி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெகு நேரம் குலுங்கினாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"இனிமே மேளமே வேண்டாம், ஆத்தா எறங்குன பெட்டியே போதும்னுட்டாவ. அப்பம் அடுத்த வருசம் அந்தப் பத்தாவது கொட்டு வந்தா நான் திரும்ப எந்திரிச்சு ஆடணுமேண்ணே. ஆயுசுக்கும் ஆடணுமே. எம் மாமனாரே கையெடுத்துக் கும்பிடுதாரு, கூசுது. நீங்க அந்தக் கொட்ட அழிச்சிருங்க. கெட்டுப் போச்சுன்னு சொல்லிருவோம்."

இவர் தலையாட்டப் போனார். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ தெரியவில்லை.

"அழிக்கப்படாது!" என்று கத்தினேன். இரண்டு பேரும் தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினார்கள். "ஏட்டி, ஓம் பிள்ளைக்கு ஆச்சு, சரி. அடுத்த வருசம் ஒங்க வகையறாவுல இன்னொருத்தி பிள்ளைய இப்படிக் கொண்டாந்து நிறுத்துவாவ. அவ ஆத்தாளும் ஒன்னைய மாதிரி வாயடைச்சு நிப்பா. அன்னைக்கு யாருட்டி எந்திரிப்பா?"

மாடத்தி தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்தவள், வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே என் வீட்டுக்காரரிடம் சொன்னாள்.

"அண்ணே, அடுத்த வருசம் அந்தக் கொட்ட ரெண்டாவதாவே வச்சிருங்க."